வேர் காட்டிய வழி: மூளை கற்கும் வகை



தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து சேரும் நம்மவர்களுக்கு முதற் சோதனை கடைத்தெருவிலேயே காத்திருக்கும். இந்தி எண்களை ஏட்டில் எழுதிப் பன்முறை உருப்போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறோம். காய்கறிக் கடைக்காரர் "டேட் சௌ" என்கிறார். "சௌ" என்றால் நூறு என்பது நாம் அறிந்ததே. ஆகவே நூறு ரூபாய்த் தாளொன்றை நீட்டுகிறோம். தாளைப் பெற்றுக்கொண்ட பின்னும் அவர் நீட்டிய கையை மடக்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "டேட்" என்பது ஒன்றரை. "டேட் சௌ" என்றால் நூற்றைம்பது என்று அருகில் நிற்பவர் எவரேனும் விளக்குகிறார். அன்று கற்ற அச்சொல் பின்னர் எளிதில் மறப்பதில்லை. ஆனால் அதே ஏட்டில் இருபது முறை உருப்போட்ட வேறு பல சொற்கள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகின்றன.

இருபது முறை ஓதியது நில்லாமல், ஒரே முறை தவறியது நிலைத்து நிற்பது ஏன்? எதிர்பார்த்தது ஒன்றும் நடந்தது வேறொன்றுமாக இருக்கும்பொழுது மனம் விழித்துக்கொள்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், அந்த விழிப்பு மூளையில் எவ்விடத்தில், எப்பொருளால், எம்முறையில் நிகழ்கிறது என்று கண்டறிய விஞ்ஞானத்திற்கு அரை நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அவ்வுழைப்பின் நடுவே நிற்கும் பொருள் டோபமீன் என்னும் இரசாயனப் பொருள். அதனைத் தேடிச் சென்ற பாதையின் தொடக்கத்தில் நம் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு செடியின் வேர் இருக்கிறது. அவ்வரலாற்றையே இன்று நாம் சிறிது காண்போம்.

சர்ப்பகந்தி என்னும் செடியை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப்பிரமைக்கும் அதன் வேரைப் பயன்படுத்தி வந்தனர். பீகார் மாநிலத்து மக்கள் அதனைப் பைத்தியத்திற்கான மருந்து என்று பொருள்படும் பெயராலேயே வழங்கினர். இவ்வேரின் தன்மையை நவீன முறையில் ஆராயும் முயற்சி 1931-ஆம் ஆண்டில் இரு நகரங்களில் பயன் தந்தது. தில்லியில், ஹக்கீம் அஜ்மல் கானின் ஆதரவில் தோன்றிய ஆராய்ச்சிக்கூடத்தில், சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இரசாயன அறிஞர் இவ்வேரிலிருந்து பல சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று தம் புரவலரின் பெயரையே சூட்டினார். அதே ஆண்டில் அன்றைய கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இவ்வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்க வல்லது என்று மருத்துவ ஏட்டில் எழுதினர். பின்னர் 1949-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் இம்மருந்தின் பயனைப் பிரிட்டனின் இருதய மருத்துவ ஏடு ஒன்றில் விளக்கி எழுதவே, மேல்நாட்டு மருத்துவ உலகின் கண் இவ்வேரின்மீது விழுந்தது. 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இவ்வேரின் முக்கியச் சத்தாகிய 'ரெசர்ப்பின்' தனியே பிரிக்கப்பட்டது.

ரெசர்ப்பின் கொந்தளித்த மனத்தை அமைதிப்படுத்தியது. ஆயினும் மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றும் உடன் வந்தது. அதனை மிகுதியாக உட்கொண்ட சிலருக்கு உடல் விறைத்தது, கை நடுங்கியது, நடை தளர்ந்தது. நம்மவர் கம்பவாதம் என்றும், மேல்நாட்டார் பார்க்கின்சன் நோய் என்றும் கூறும் நோயின் குறிகளே அவை. மனத்தைத் தணிக்கும் மருந்து உடலை ஏன் முடக்க வேண்டும்? இவ்வினாவே அடுத்த கதவைத் திறந்தது.

இவ்விடத்தில் டோபமீனின் பழைய நிலையைச் சொல்ல வேண்டும். இப்பொருளை 1910-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் செயற்கையாக ஆக்கியிருந்தனர். ஆனால் அதற்கென்று உடலில் ஒரு தனிப்பணி உண்டென்று நெடுங்காலம் எவரும் பெரிதாக எண்ணவில்லை. நார்அட்ரினலின் முதலிய பெரிய பொருள்களை உடல் ஆக்கும் வழியில் இடையே தோன்றி மறையும் ஒரு படி என்றே அதனைக் கருதினர். மாடிக்குச் செல்வோர் படிக்கட்டில் தங்குவதில்லை அன்றோ? டோபமீனையும் அப்படிப்பட்ட படிக்கட்டாகவே நினைத்தனர்.

1957-ஆம் ஆண்டு இந்நினைப்பைக் குலைத்தது. பிரிட்டனில் காத்லீன் மாண்டகு என்னும் பெண் ஆராய்ச்சியாளர், பல பிராணிகளின் மூளையில் டோபமீன் இருப்பதை அறிவித்தார். அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்ஸன் என்னும் அறிஞர், முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர், உடலில் டோபமீனாக மாறக்கூடிய 'டோப்பா' என்னும் பொருளை அவற்றின் உடலில் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் காதுகளை நிமிர்த்தி எழுந்து நடமாடத் தொடங்கின. அவ்விலங்குகளின் மூளையைச் சோதித்தபொழுது, கார்ல்ஸன் குழுவினர் எதிர்பார்த்த நார்அட்ரினலின் அங்கே மீளவில்லை. அங்ஙனமாயின் முயலை எழுப்பியது எது? 1958-ஆம் ஆண்டில் அவர்கள் விடை கூறினர்: மூளையில் இயல்பாகவே டோபமீன் இருக்கிறது, ரெசர்ப்பின் அதனை வற்றச் செய்கிறது, டோப்பா அதனை மீண்டும் நிரப்புகிறது. படிக்கட்டு என்று கருதியது குடியிருக்கும் வீடாக மாறிற்று. மூளையில் அது மிகுந்திருக்கும் இடம், உடலசைவை ஒழுங்குபடுத்தும் அடிமூளைப் பகுதி என்பதும் அடுத்த ஆண்டில் தெளிவாயிற்று.

இச்செய்தியை வியன்னா நகரில் இருந்த ஓலே ஹார்னிகீவிச் உற்றுநோக்கினார். பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளையும், அந்நோயின்றி இறந்தவர்களின் மூளைகளையும் அவர் ஒப்பிட்டுச் சோதித்தார். இயல்பான மூளையின் சாற்றில் டோபமீன் இருப்பதைக் காட்டும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றியது. நோயாளிகளின் மூளைச் சாற்றிலோ அந்நிறம் ஏறக்குறையத் தோன்றவே இல்லை. கருவியின் உதவியின்றிக் கண்ணாலேயே அந்த வேறுபாட்டைக் காண முடிந்தது. 1960-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டில் வால்டர் பிர்க்மாயர் என்னும் மருத்துவருடன் சேர்ந்து அவர் நோயாளிகளுக்கு டோப்பாவை ஊசி மூலம் செலுத்தச் செய்தார். படுக்கையில் எழுந்து உட்காரவும் இயலாதிருந்தவர்கள் எழுந்து நடந்தனர். சில மணி நேரமே அப்பயன் நின்றது. பின்னர் 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ், டோப்பாவைச் சிறுகச் சிறுக அளவை உயர்த்தி வாய்வழியாகத் தருவதனால் நீடித்த பயன் பெறலாம் என்று காட்டினார். இன்றளவும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே. டோபமீனை நேரடியாகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது புக முடியாது. டோப்பா புகும், புகுந்த பின் டோபமீனாக மாறும் என்பதே இச்சிகிச்சையின் உட்பொருள்.

இந்த டோப்பாவிற்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர்கள் பூனைக்காலிக் கொடியை அறியாதிருக்க முடியாது. அதன் காயின்மேலுள்ள சுணை பட்டால் உடலெங்கும் அரிப்பெடுக்கும். அக்கொடியின் விதையிலிருந்து டோப்பாவைத் தனியே பிரித்தெடுத்து 1937-ஆம் ஆண்டில் அறிவித்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அன்று அதற்கு இத்தகைய பயன் உண்டென்று உலகில் எவருக்கும் தெரியாது. முயல் எழுந்ததற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மருந்து சென்னையில் ஒரு குப்பியில் இருந்தது; அது எந்த நோய்க்கு மருந்து என்ற வினாதான் இன்னும் பிறக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டு, எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று நாம் பெருமை பேசிவிடலாகாது. நம் பங்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்கிவிடவும் வேண்டுவதில்லை. வேரின் குணத்தை வைத்தியர் அறிந்திருந்தனர். சத்தைப் பிரித்தும் நோயாளியிடம் சோதித்தும் உலகின் கண்முன் அதனை வைத்தவர்கள் தில்லி, கல்கத்தா, பம்பாய் அறிஞர்கள். அது மூளையில் செய்வது என்ன என்று கண்டவர்கள் லுண்டிலும் வியன்னாவிலும் இருந்தவர்கள். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி வந்த விளக்கு அது.

இதுவரை கூறியது உடலசைவின் கதை. கல்விக்கும் நினைவிற்கும் இதில் இடம் எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். அவ்விடத்திற்கு இனி வருகிறோம்.

1954-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் தன் மூளைக்குள் தானே சிறு மின்தூண்டல் பெறுமாறு அமைத்தனர். கம்பி சில குறிப்பிட்ட இடங்களில் இருந்தால், எலி ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை அதனை அழுத்தியது. மூளையில் இன்பத்தின் இருப்பிடம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். அத்தகைய தூண்டலில் டோபமீனுக்குப் பெரும் பங்கு உண்டென்று பிற்காலத்தில் தெரியவந்ததும், டோபமீனே இன்பம் தரும் பொருள் என்ற கருத்து பரவலாயிற்று. இன்றும் பத்திரிகைகளில் அவ்வாறே எழுதக் காண்கிறோம்.

ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கென்ட் பெரிட்ஜும் அவருடைய துணைவர்களும், டோபமீன் ஏறக்குறைய முற்றும் அழிக்கப்பட்ட எலிகளைச் சோதித்தனர். அவ்வெலிகள் தாமாக உணவை நாடிச் செல்லவில்லை. ஆயினும் இனிப்பு நீரை நாவில் விட்டபொழுது, சுவைத்து மகிழும் எலியின் முகக்குறிகள் குறையாமல் தோன்றின. சுவை இருந்தது, சுவையை நாடும் முயற்சியே இல்லை. எனவே டோபமீனும் இன்பமும் ஒன்றல்ல என்பது புலனாயிற்று. அங்ஙனமாயின் அது செய்வதுதான் என்ன?

விடை சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்கின் நடுமூளையிலுள்ள டோபமீன் நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்து வந்தார். அவரும் முதலில் தேடியது உடலசைவிற்கும் அவ்வணுக்களுக்கும் உள்ள தொடர்பையே. கை அசைந்தபொழுது அவை பெரிதாக ஒன்றும் கூறவில்லை; ஆனால் குரங்கிற்கு உணவோ பழச்சாறோ கிடைத்தபொழுது படபடவென்று துடித்தன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அவர் அதனைப் பிழையென்று ஒதுக்கவில்லை. அதனையே தொடர்ந்து சென்றார்.

அவர் கண்டது இதுதான். குரங்கு எதிர்பாராத நேரத்தில் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் டோபமீன் அணுக்கள் துடிக்கும். அடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கைக் காட்டிச் சற்றுப் பின்னர்ச் சாறு தந்தால், குரங்கு அத்தொடர்பைக் கற்றுக்கொள்கிறது. கற்ற பின், துடிப்பு விளக்கைக் கண்ட அளவிலேயே தோன்றிவிடுகிறது. சாறு வரும்பொழுது அணுக்கள் பேசாமல் இருக்கின்றன. சாறு அதே சாறுதான். நாவிற்கு இனிப்பும் அதேதான். எதிர்பார்த்தபடி வந்துவிட்டதால் அதைப்பற்றிச் சொல்ல அணுக்களுக்குச் செய்தி ஒன்றுமில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்னும் பழமொழிக்கு மூளையிலேயே ஓர் இடம் இருக்கிறது எனலாம். மூன்றாவது, விளக்கைக் காட்டிவிட்டுச் சாறு தராமல் ஏமாற்றினால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அணுக்கள் தம் வழக்கமான மெல்லிய துடிப்பையும் நிறுத்திவிடுகின்றன. வராத ஒன்றிற்கு, அது வர வேண்டிய நேரத்திலேயே மறுமொழி தோன்றுகிறது. அந்த அணுக்களை எட்டும் செய்தியில் எதிர்பார்ப்பும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இம்மூன்றையும் ஒரு கணக்காக எழுதிப் பார்க்கலாம். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்க வேண்டும். ஒன்றும் எதிர்பாராமல் 10 கிடைத்தால் மிச்சம் 10, அணுக்கள் துடிக்கின்றன. 10 எதிர்பார்த்து 10 கிடைத்தால் மிச்சம் சுழி, அமைதி. 10 எதிர்பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் மிச்சம் எதிர்மறையில் 10, துடிப்பு அடங்குகிறது. டோபமீன் அறிவிப்பது இன்பத்தின் அளவையன்று; இந்தக் கழித்தலின் மிச்சத்தையே. வியப்பிற்குரிய செய்தி யாதெனில், இதே கணக்கை முற்றிலும் வேறு துறையைச் சேர்ந்தவர்கள் முன்னரே எழுதி வைத்திருந்தனர். இயந்திரங்கள் அனுபவத்தினால் கற்க வழி தேடிய ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் 1980-களில் இத்தகைய கழித்தற் கணக்கை வகுத்திருந்தனர். ஷுல்ட்ஸின் குரங்குகளும் அந்த இயந்திரக் கணக்கும் ஒன்றையே சொல்லுகின்றன என்று கண்டவர்கள் ரீட் மாண்டகு, பீட்டர் டயான் ஆகிய இருவரும் ஆவர். மூவரும் சேர்ந்து 1997-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

ஒன்றோடொன்று சேர்ந்து நிகழ்வதனாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. டோபமீன் கற்கும்பொழுது உடன் துடிக்கிறதா, அல்லது துடித்துக் கற்பிக்கிறதா? இதற்கு விடை காண ஒரு பழைய சோதனை உதவிற்று. கனடாவில் லியோன் காமின் என்பவர் 1960-களின் இறுதியில் காட்டியது அது. ஓர் ஒலியைக் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று எலி நன்கு கற்ற பின், ஒலியோடு ஒளியையும் சேர்த்து அதே அதிர்ச்சியைப் பன்முறை தந்தார். பின்னர் ஒளியை மட்டும் காட்டினால் எலி ஏறக்குறைய ஒன்றும் அறியாதது போல் இருந்தது. ஒளியும் அதிர்ச்சியும் பன்முறை சேர்ந்தே வந்தன. ஆனால் ஒலியே முன்னறிவித்துவிட்டதால் அதிர்ச்சியில் புதுமை இல்லை. புதுமை இல்லாததால் கல்வியும் இல்லை. அடிக்கடி சொன்னால் போதும், பாடம் தானே மனத்தில் பதியும் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இது ஒரு பேரிடி. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உணவுப் பரிசை வைத்து இத்தகைய சோதனையையே நடத்தி, எதிர்பார்த்த பரிசு வரும் அந்நொடியில் எலியின் டோபமீன் அணுக்களை ஒளிக்கதிரால் செயற்கையாகத் துடிக்கச் செய்தனர். முன்பு கற்க மறுத்த குறியை எலிகள் அப்பொழுது கற்றுக்கொண்டன. ஆகவே டோபமீன் வெறும் சாட்சியன்று. அதுவே ஆசிரியர்களுள் ஒன்று.

இவையெல்லாம் விலங்குகளிடம் கண்டவை. மனிதரிடம் இதனைக் காட்டியவர்கள், துயரத்திற்குரியதாயினும், பார்க்கின்சன் நோயாளிகளே. 1996-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. உருவங்கள் வரைந்த சில அட்டைகளைக் காட்டி, மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். விடை சரியா தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். ஆனால் விதி திட்டமானதன்று, பெரும்பாலும் என்ற அளவிலேயே அமைந்தது. மூளைச் சேதத்தால் நினைவிழந்தவர்கள் தொடக்கப் பயிற்சியில் மற்றவர்களைப் போலவே தேர்ச்சி பெற்றனர். ஆனால் தாம் பயின்றதைப் பற்றிக் கேட்டால் விவரம் சொல்ல இயலவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளோ, பயிற்சியில் நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து கூறினர், தேர்ச்சிதான் வரவில்லை. ஆக, நடந்ததை நினைவு கொள்ளுதல் ஒன்று; நடந்ததனால் பழகித் தேறுதல் வேறொன்று. பின்னதற்கு அடிமூளையும் அதன் டோபமீனும் இன்றியமையாதவை.

2004-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃப்ராங்கும் அவருடைய துணைவர்களும் மற்றொரு நுட்பத்தைக் காட்டினர். மருந்து உட்கொள்ளாத வேளையில் இந்நோயாளிகள் பரிசினும் தவற்றினாலேயே நன்கு கற்றனர். மருந்து உட்கொண்ட வேளையில் பரிசினால் நன்கு கற்றனர். தவற்றினால் கற்கும் திறன் குறைந்தது. மருந்து டோபமீனை உயர்த்தி நிறுத்துவதால், ஏமாற்றத்தின்போது அது தாழ்ந்து காட்டும் குறி மங்கிவிடுகிறது என்று இதனை விளக்குகின்றனர். இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. டோபமீனைப் போலவே வேலை செய்யும் சில மருந்துகளை உட்கொள்ளும் நோயாளிகளுள் ஒரு சிலர், முன்னர் ஒருநாளும் சூதாடாதவர்கள், அடங்காத சூதாட்ட வேட்கையில் வீழ்ந்ததை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். தோல்வியின் பாடத்தைக் கேட்கும் செவி மந்தமாகிவிட்டால் மனிதர் என்னாவார் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. வீட்டில் அத்தகைய நோயாளி இருப்பின், செலவிலும் நடத்தையிலும் புதிதாக மாற்றம் கண்டால் அதனை ஒழுக்கக்கேடென்று இகழாமல் மருத்துவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். அவ்வாறே, பூனைக்காலி விதையில் டோப்பா உண்டு என்று கேட்டு அதனைத் தாமே வாங்கி உண்ணலும் தகாது. பம்பாயில் 1978-ஆம் ஆண்டிலும் இலண்டனில் 2004-ஆம் ஆண்டிலும் அவ்விதை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவை மருத்துவர் அளவறிந்து, கண்காணித்துக் கொடுத்தவை.

இனி நினைவின் பக்கம் ஒரு சிறிது திரும்புவோம். கற்றது சில நிமிடங்கள் நிற்பதும், பல நாள் நிற்பதும் ஒன்றல்ல. நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெற்று நீடிக்க வேண்டுமானால், மூளையின் நினைவுக்குரிய பகுதியாகிய ஹிப்போகாம்பஸில் டோபமீன் தேவைப்படுகிறது என்று ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் 1990-ஆம் ஆண்டில் எலிமூளைத் துண்டுகளில் காட்டினர். டோபமீனின் வேலையைத் தடுத்தபொழுது, இணைப்பு முதலில் வலுப்பெற்றது. சில மணி நேரத்தில் தளர்ந்துவிட்டது. புதுமையும் இங்கே துணை செய்கிறது. 2016-ஆம் ஆண்டில் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள், சுண்டெலி ஒரு சிறு விஷயத்தைக் கற்ற அரை மணி நேரத்தில், அது முன்பின் கண்டிராத தரையமைந்த ஒரு பெட்டியில் சுற்றித் திரிய விட்டனர். கற்றதற்கும் அந்தப் பெட்டிக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் கற்றது நெடுநேரம் நின்றது. மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியிலிருந்து ஹிப்போகாம்பஸிற்கு வந்த டோபமீனே அதற்குக் காரணம் என்று கண்டனர்.

நம்மில் ஒவ்வொருவருக்கும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. முதன்முதல் ஊரை விட்டு இரயிலேறி, அறியாத நகரில் வந்திறங்கிய நாளை எண்ணிப் பாருங்கள். நிலையத்தில் குடித்த தேநீரின் மண்குவளை, சுமைகூலி கேட்ட தொகை, எதிரே தெரிந்த விளம்பரப் பலகை முதலிய அற்ப விவரங்களும் அழியாமல் நிற்கின்றன. அதற்கு மறுமாதத்து நாள் ஒன்றில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மால் சொல்ல இயலாது. புதுமையின் ஒளி பட்ட நாளில், அருகிலிருந்த சிறு பொருள்களும் அவ்வொளியைப் பெற்றுவிடுகின்றன. நம் அனுபவம் முழுவதையும் ஒரு பொருளின் கணக்கில் எழுதிவிடலாகாது. நினைவில் பங்கு கொள்ளும் வேறு பல பொருள்களும் மூளையில் உள்ளன. எனினும் டோபமீனுக்கு அதில் ஒரு பங்கு உண்டென்று கருத இடமிருக்கிறது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அவற்றுள் டோபமீனைத் தூதாக அனுப்புபவை சில இலட்சங்களே. அத்துணைச் சிறு கூட்டம் மூளையின் பெரும்பகுதிக்கு ஒரே செய்தியைக் கொண்டு செல்கிறது: நினைத்தது போல் நடக்கவில்லை, கணக்கைத் திருத்திக்கொள் என்பதே அச்செய்தி. கார்ல்ஸனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் எதிர்பார்த்த நார்அட்ரினலின் முயலின் மூளையில் மீண்டிருந்தால் டோபமீனை அவர் தேடியிருக்க மாட்டார். ஷுல்ட்ஸ் தேடிய அசைவுக் குறி கிடைத்திருந்தால் கல்வியின் குறியைக் கண்டிருக்க மாட்டார். மூளை எவ்வாறு கற்கிறதோ, மூளையைப் பற்றிய விஞ்ஞானமும் அவ்வாறே கற்றிருக்கிறது.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கும், புதிய மொழியைப் பயிலும் நமக்கும் இதிலிருந்து ஒரு சிறு பயன் உண்டு. விடையை முன்னரே சொல்லி நூறு முறை ஓதச் செய்வதைக் காட்டிலும், முதலில் ஊகிக்கவிட்டு, பின்னர் உண்மையைக் காட்டுவது நல்லது. ஊகம் இருந்தாலன்றோ வேறுபாடு தோன்றும்? தவறியதற்காகக் குழந்தையை நாணச் செய்தால், அது ஊகிப்பதையே கைவிட்டுவிடும். ஊகிப்பதை விட்டபின் கற்பதற்கு என்ன வழி?

ஆகவே, நாளைக் காலை கடைத்தெருவில் ஒரு சொல் தவறிப்போய்க் கடைக்காரர் புன்னகை செய்தால், நாமும் உடன் புன்னகை செய்துவிட்டு அச்சொல்லைக் கேட்டறிந்துகொள்வோம். அந்நொடியில் நம் நடுமூளையில் அமர்ந்திருக்கும் அச்சிறு கூட்டம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.